நிற்கும்போது ஏன் உதறுகிறது கார்?

முகூர்த்த நாள் காலையில் திருப்பரங்குன்றம் பக்கம் காரில் போனவர்களுக்குத் தெரியும், வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் கல்யாணக் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. சன்னிதித் தெருவில் திரும்ப இடமில்லாமல் வேனும் காரும் ஆட்டோவும் ஜி.எஸ்.டி. சாலை வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். வெயிலுக்குப் பயந்து யாரும் ஏ.சி.யை அணைப்பதில்லை; ஆகவே இன்ஜினும் அணைவதில்லை. ஓடும்போது தெரியாத கோளாறு அப்போதுதான் வெளியே வரும். ஸ்டியரிங் கைக்குள் நடுங்குகிறது. நடுக்கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் கலங்கித் தெரிகிறது. டேஷ்போர்டில் ஒட்டிவைத்த பிள்ளையார் தலையாட்டுகிறார். கியர் போட்டு நாலடி நகர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது.

பட்டறைக்குப் போனால் வழக்கமாக என்ன நடக்கிறது? முதலில் பிளக் மாற்றுவார்கள். சரியாகவில்லை என்றால் த்ராட்டில் பாடி கிளீனிங். அடுத்த முறை இன்ஜெக்டர் கிளீனிங். கடைசியில் இன்ஜின் மவுண்டிங். நாலாவது வேலையில் உதறல் நிற்கும். பில்லில் மட்டும் நாலும் இருக்கும். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, "உதறுது, பாருங்க" என்பதற்கு மேல் நாமும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் அந்த உதறலிடமே இரண்டு கேள்வி கேட்கலாம். விநாடிக்கு எத்தனை தடவை உதறுகிறாய்? எப்போது நிற்கிறாய்? பாதி நோய் இதிலேயே பிடிபட்டுவிடும்.

இன்ஜின் என்பது தொடர்ச்சியாகத் தள்ளும் கருவி இல்லை. விட்டு விட்டு அடிக்கும் கருவி. நம் கார்களில் இருப்பது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு சிலிண்டருக்கு ஒரு வெடிப்பு. நின்ற நிலையில் இன்ஜின் வேகம், அதாவது ஐடிலிங் வேகம், 750 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 12.5 சுற்று. ஒரு சிலிண்டர் விநாடிக்கு 6.25 தடவை வெடிக்கும். நான்கு சிலிண்டர் கார் என்றால் விநாடிக்கு 25 அடி; மூன்று சிலிண்டர் என்றால் 18.75 அடி. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் தண்டை ஒரு பக்கம் திருப்பும்போது இன்ஜின் உடம்பு எதிர்ப்பக்கம் திமிறும். ஆகவே எந்தப் பழுதும் இல்லாத புத்தம்புதிய இன்ஜினும் உதறத்தான் செய்யும். அந்த உதறல் நம்மை வந்து சேராமல் தடுப்பது, இன்ஜினுக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும் மூன்று நான்கு ரப்பர்த் துண்டுகள். அவைதான் மவுண்டிங்.

ரப்பர் இருந்தால் அதிர்வை விழுங்கிவிடும் என்று பொதுவாக நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜின், கட்டித் தொங்கவிட்ட ஊஞ்சல் மாதிரி. ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்கு ஒட்டித் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரே போகும், அதைவிட மிக வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் பலகை அசைந்தும் அசையாமலும் நிற்கும். மவுண்டிங் மேல் இருக்கும் இன்ஜினின் சொந்தத் தாளம் பெரும்பாலும் விநாடிக்கு 10 தடவை என்ற அளவை ஒட்டி இருக்கும். அறிவியல் மொழியில் 10 ஹெர்ட்ஸ். வெளியிலிருந்து வரும் அடி அந்தத் தாளத்தைப்போல் 1.4 மடங்குக்கு மேல் வேகமாக இருந்தால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். அதற்குக் கீழே வந்தால் குறைப்பதற்குப் பதில் பெருக்கிக் கொடுக்கும்.

திருப்பரங்குன்றத்திலேயே 1957 முதல் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மெக்கானிக்கல் படித்தவர் யாரும் இந்தச் சூத்திரத்தைப் படிக்காமல் தேறியிருக்க முடியாது: அடியின் வேகத்தைச் சொந்தத் தாளத்தால் வகுத்து, அந்த விகிதத்தை வர்க்கமாக்கி, அதில் ஒன்றைக் கழித்து, ஒன்றை அதனால் வகுத்தால் வண்டிக்குள் எவ்வளவு அதிர்வு வரும் என்று தெரியும். ரப்பர் தன் உள் உராய்வில் கொஞ்சம் விழுங்குவதை இதில் சேர்க்கவில்லை, அதனால் அசல் வண்டியில் எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது. நான்கு சிலிண்டர் காரில் 25 ஹெர்ட்ஸுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் அதிர்வில் ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அதே மவுண்டிங், அதே 750 ஆர்.பி.எம்., ஆனால் மூன்று சிலிண்டர் என்றால் ஐந்தில் இரண்டு பங்கு வரும். இரட்டிப்பு.

மூன்று சிலிண்டர் வண்டி வாங்கியவர்களின் பெரும்பாலான புகாருக்கு இங்கேயே பதில் இருக்கிறது. 1983இல் வந்த மாருதி 800இல் இருந்தது 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். 2006இல் நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு வரியைக் குறைத்த பிறகு, சின்ன இன்ஜினுக்குள் மூன்று சிலிண்டரே போதும் என்று பல கம்பெனிகள் முடிவெடுத்தன. ஒரு சிலிண்டர் குறைந்தால் உராய்வும் எடையும் விலையும் குறையும், மைலேஜ் கூடும். பதிலுக்கு சிக்னலில் நிற்கும்போது கொஞ்சம் உதறும். பழைய நான்கு சிலிண்டர் வண்டியை விற்றுவிட்டுப் புதிய மூன்று சிலிண்டர் வண்டிக்கு மாறியவர் முதல் வாரமே கோளாறு என்று ஷோரூமுக்கு ஓடுவார். அது கோளாறு இல்லை, பிறவிக் குணம். அதே மாடல் இன்னொரு வண்டியில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் விளங்கிவிடும்.

வாங்கியபோது இல்லாத உதறல் பிறகு வந்தால்தான் நோய். அதே சூத்திரத்தில் எண்களைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்போம். மூன்று சிலிண்டர் காரின் ஐடிலிங் வேகம் 750இலிருந்து 600க்கு இறங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். அடி 15 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். உள்ளே வரும் அதிர்வு ஐந்தில் நாலு பங்கு. இன்ஜினில் எதுவும் உடையவில்லை, மவுண்டிங்கும் நன்றாக இருக்கிறது, 150 ஆர்.பி.எம். குறைந்ததிலேயே உதறல் இரு மடங்கு. இன்னொரு பக்கம் வேகம் சரியாக 750இல் இருக்கிறது, ஆனால் ரப்பர் இறுகி 1.7 மடங்கு விறைப்பாகிவிட்டது என்றால் சொந்தத் தாளம் 10இலிருந்து 13 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பத்தில் ஒன்பது பங்கு அதிர்வு நேரே ஸ்டியரிங்குக்கு வரும். ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே உதறல்தான். வைத்தியம் வேறு வேறு.

ரப்பர் ஏன் இறுகுகிறது? சூடும் பிராணவாயுவும் சேர்ந்தால் இயற்கை ரப்பர் முற்றும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கோடையில் மதுரையில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும். நெரிசலில் காற்றோட்டமின்றி நிற்கும் காரின் பானட்டுக்குள் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டாம். அதன் மேல் வால்வ் கவரிலிருந்து எண்ணெய் கசிந்து சொட்டினால் ரப்பர் ஊறி, உப்பி, பிய்ந்துபோகும். எண்ணெய்க் கசிவை "சின்னக் கசிவுதானே" என்று விடுகிறவர்கள் மவுண்டிங்குக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வண்டித் தொழிலும் அதற்கான ரப்பரும் மதுரைக்கு அந்நியமில்லை. 1912இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட ஊர் இது. அந்தக் குடும்பத்தின் சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ் மதுரையில்தான் வாகனங்களுக்கான ரப்பர் உதிரிகளைச் செய்துவருகிறது. சில கார்களில் ரப்பருக்குள் திரவம் அடைத்த மவுண்டிங் இருக்கும். அதன் அடியில் கறுப்பாக ஈரம் வழிந்திருந்தால் திரவம் போய்விட்டது என்று அர்த்தம், கழற்றிப் பார்க்கவே தேவையில்லை.

சரி, இறுகிய ரப்பரா, இறங்கிய வேகமா, இல்லை ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லையா? மூன்றாவதைத்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் "மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்கள். நான்கு சிலிண்டர் காரில் ஒன்று வெடிக்காமல் விட்டால், ஒழுங்கான 25 அடிக்கு நடுவே விநாடிக்கு 6.25 தடவை ஒரு பள்ளம் விழும். அது மவுண்டிங்கின் சொந்தத் தாளத்துக்கும் கீழே. நம் சூத்திரப்படி (கழித்தல் குறியை விட்டுவிட்டுப் பார்த்தால்) ரப்பர் அதைக் குறைக்காது, 1.6 மடங்காகப் பெருக்கும். போதாததற்கு, உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸுக்குள்தான். அதனால்தான் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியில் நடுக்கம் கையோடு நிற்காமல் இடுப்பையும் வயிற்றையும் பிடித்து ஆட்டுகிறது.

செலவில்லாத சோதனை ஒன்று இதிலிருந்தே கிடைக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில், ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தி 1000 ஆர்.பி.எம்.மில் பிடியுங்கள். மூன்று சிலிண்டர் காரில் ஒழுங்கான வெடிப்பு இப்போது 25 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. ரப்பர் தன் வேலையைச் செய்யத் தொடங்கும். உதறல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி ஐடிலிங் வேகம் அல்லது மவுண்டிங். மிஸ்ஸிங்காக இருந்தால் அடங்காது. அந்தப் பள்ளம் 6.25இலிருந்து 8.3 ஹெர்ட்ஸுக்கு ஏறி, ஊஞ்சலின் தாளத்தை இன்னும் நெருங்கும். ஆட்டம் கூடவும் செய்யலாம். சைலன்சர் வாயருகே ஒரு தாளைப் பிடித்தாலும் தெரியும். நல்ல இன்ஜின் என்றால் தாள் ஒரே சீராகப் படபடக்கும். மிஸ்ஸிங் என்றால் இடையிடையே தொய்ந்து உள்வாங்கும்.

வேகமா மவுண்டிங்கா என்று பிரிக்க ஆர்.பி.எம். மீட்டரைப் பார்த்தால் போதும். முள் வழக்கமான இடத்தில் இருந்தும் உதறினால் மவுண்டிங். அப்போது ஒருவர் பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்க்க, இன்னொருவர் பிரேக்கை இறுக மிதித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட வேண்டும்; ஆட்டோமேட்டிக் என்றால் டி, ஆர் என்று மாற்றினால் போதும். இன்ஜின் எழும்பிக் குதித்து "டங்"கென்று உட்கார்ந்தால் மவுண்டிங் பிய்ந்திருக்கிறது. வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

வேகம்தான் இறங்கியிருக்கிறது என்றால் பெரும்பாலும் த்ராட்டில் பாடி. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வ் அதில்தான் இருக்கிறது. நிற்கும்போது அது கிட்டத்தட்ட மூடியே இருக்கும், காற்று நுழைவது ஒரு மயிரிழை இடைவெளியில். கிராங்க் கேஸிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி அந்த விளிம்பில் கரியாகப் படிந்தால் இடைவெளி அடைபடும். ஓடும்போது வால்வ் அகலத் திறப்பதால் அந்தக் கரி ஒரு பொருட்டே இல்லை. துடைத்துவிட்டால் சரியாகும், ஆனால் பல கார்களில் கம்ப்யூட்டர் பழைய அடைப்புக்குப் பழகிப்போய்க் கூடுதலாகத் திறந்துவைத்திருக்கும், அதை மறக்கச் செய்ய ஸ்கேனரில் ஒரு வேலை உண்டு. பேட்டரி மாற்றிய மறுநாள் வண்டி கொஞ்சம் தடுமாறுவதும் இதனால்தான். கற்றது மறந்துவிட்டது, இரண்டொரு நாள் ஓடினால் மறுபடி கற்றுக்கொள்ளும்.

ஏ.சி. போட்டால் மட்டும் உதறுகிறதா? கம்ப்ரசர் இழுக்கும் சுமைக்கு ஈடாக வேகத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியது கம்ப்யூட்டரின் வேலை. ஏற்ற முடியாமல் வேகம் சரிந்தால் நாம் பார்த்த 600 ஆர்.பி.எம். கதைதான்.

மிஸ்ஸிங் என்று உறுதியானால் எந்த சிலிண்டர் என்பது அடுத்த கேள்வி. அம்பாசிடர் காலத்தில் ஓடும் இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். எதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் சும்மா இருக்கிறது. தர்க்கம் இன்றைக்கும் அதேதான், கையை மட்டும் வைக்க வேண்டாம். அந்த வேலையை ஸ்கேனர் செய்யும், ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திக் காட்டும். 2013க்குப் பிறகு இங்கே விற்ற பி.எஸ்.-4 கார்களில், வண்டி தன் கோளாறைத் தானே எண்ணாகச் சொல்லும் ஓ.பி.டி.-2 கட்டாயம் என்பதால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கருவியைச் செருகினால் பி0301, பி0302 என்று எண் வரும். கடைசி இலக்கம் சிலிண்டர் நம்பர்.

இங்கேதான் கைதேர்ந்த மெக்கானிக் தனித்துத் தெரிவார். திருநகரில் ஒரு சின்னப் பட்டறையில் பார்த்தது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார், பி0302. இரண்டாவது சிலிண்டரின் காயில் (பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் பாகம்) போயிருக்கிறது என்று ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. இன்ஜினை அணைத்தார். இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். பழைய எண்ணை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்து, டீ குடித்து முடிக்கும் வரை ஓடவிட்டார். திரையில் பி0303 வந்தது. "பாத்தீகளாண்ணே, காயில் கூடவே வந்துருச்சு" என்றார் கார்க்காரரிடம். எண் நகராமல் பி0302ஆகவே இருந்திருந்தால் காயில் மேல் பழி இல்லை. அடுத்து பிளக்கை இடம் மாற்ற வேண்டும், அதன் பிறகு இன்ஜெக்டரை. எதுவும் நகரவில்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். அங்கே வால்வோ ரிங்கோ காத்திருக்கிறது, செலவும் காத்திருக்கிறது. கழற்றிய பிளக்கின் முனையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜினுக்குள்ளிருந்து எண்ணெய் ஏறுகிறது. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம்.

சி.என்.ஜி. வண்டிக்காரர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: சுவிட்சை மாற்றிப் பெட்ரோலில் ஓட்டிப் பாருங்கள். வாயுக் கலவையில் பொறி பறக்க அதிக மின்னழுத்தம் வேண்டும் என்பதால், பலவீனமான பிளக்கும் காயிலும் முதலில் மாட்டிக்கொள்வது கேஸில்தான். பெட்ரோலில் மட்டும் உதறினால் பெட்ரோல் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். (வாயுவில் வண்டி ஓட்டுவது இங்கே புதிதில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவி செய்து பஸ் ஓட்டியிருக்கிறது.)

ஒரு சிலிண்டரில் நிற்காமல் எல்லா சிலிண்டரிலும் மாறி மாறி மிஸ்ஸிங் அடித்தால் பி0300 வரும். அதற்கு எடுத்த எடுப்பில் பிளக் மாற்ற வேண்டாம். பெரும்பாலும் காற்றோ பெட்ரோலோ எல்லா சிலிண்டருக்கும் பொதுவாகக் கெட்டிருக்கும். வெளியே காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்றால், ஐடிலிங்கில் இன்ஜினின் காற்றுப் பாதைக்குள் 30, 40தான் இருக்கும். எங்காவது ரப்பர்க் குழாயில் வெடிப்பு விட்டால், அல்லது கண்மாய்க்கரைப் பக்கம் இரவில் நிறுத்திய வண்டியில் எலி கடித்துவைத்தால், அந்த ஓட்டை வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகும். நிற்கும்போது தேவையான காற்றே கொஞ்சம்தான். ஓட்டைக் காற்று அதில் பெரும்பங்கு. 2500 ஆர்.பி.எம்.மில் அதே ஓட்டை கடுகளவு. அதனால் பல கார்களில் ஸ்கேனரைப் பார்த்தால், நிற்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை 15, 20 சதவீதம் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும், வேகம் ஏறியதும் அது பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். இந்த ஒரு அடையாளம் கிடைத்தால் குழாய்களைத் தடவிப் பார்க்கத் தொடங்கலாம். "உஸ்"ஸென்ற சத்தம் காதுக்கே கேட்கும்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால்தான் எல்லாம் என்று இப்போது டீக்கடை வரை பேச்சு. எத்தனாலில் இருக்கும் பிராணவாயுவுக்கு ஏற்ப பெட்ரோல் அளவைக் கூட்டிக்கொள்ள இன்றைய கார்களின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். கார்புரேட்டர் வண்டிகளுக்குத் தெரியாது. ஆனால் டேங்க்கில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் கதை வேறு: எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பெட்ரோல் போட்டு ஐந்து கிலோமீட்டருக்குள் திடீரென்று உதறத் தொடங்கினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

டீசல் வண்டியில் பிளக் பொறியும் காயிலும் கிடையாது. அங்கே இன்ஜெக்டர்தான் முதல் சந்தேகம். எந்த சிலிண்டருக்கு எவ்வளவு கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று கம்ப்யூட்டரே ஸ்கேனரில் எண் காட்டும்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது நாலு விவரம் சொல்லுங்கள். சூடான பிறகு ஆர்.பி.எம். எவ்வளவு நிற்கிறது, 1000க்கு ஏற்றினால் அடங்குகிறதா, ஏ.சி.யை அணைத்தால் மாறுகிறதா, செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா. அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் நிதானமாக ஓட்டிப் போகலாம். விட்டு விட்டு மினுக்கினால் மட்டும் ஓட்டாதீர்கள்: எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது, அங்குள்ள பீங்கான் தேனடை உருகிக்கொண்டிருக்கிறது. ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு அதைப் போலப் பல மடங்காகும். வண்டியை ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்.